இணை பிரிந்த காவல் கழுதை: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயுற்ற விலங்கைப் பார்க்கப் போனால் வயது, எடை, தீவனம், சினை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் என்று வரிசையாகக் கேட்கிறோம். எதற்காக வளர்க்கிறீர்கள் என்ற கேள்வி அந்த வரிசையில் இல்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது தேவைப்படுவதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். கழுதை விஷயம் வேறு. இன்று ஒரு நாட்டுப்புறப் பண்ணையில் நிற்கும் கழுதை சுமை தூக்கலாம், பால் தரலாம், கோவேறு கழுதை உற்பத்திக்கு வைக்கப்பட்டிருக்கலாம், ஆட்டு மந்தைக்குக் காவல் நிற்கலாம், தனியாக இருக்கும் குதிரைக்குத் துணையாக இருக்கலாம், காடாக வளரும் புல்லை மேய்ந்து கட்டுக்குள் வைக்கலாம். ஒரு வேலையும் இல்லாமல் பிரியத்துக்காக மட்டும் நிற்கவும் செய்யலாம். அது என்ன தின்கிறது, எவ்வளவு நடக்கிறது, யாரோடு நிற்கிறது என்பதையெல்லாம் இந்த நோக்கமே முடிவு செய்கிறது. எந்த நோய் வரும் என்பதையும் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது.

கீழே விவரிக்கும் நிகழ்வில் ஒரு பெட்டைக் கழுதையைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது கிருமியும் அல்ல, நஞ்சும் அல்ல. உரிமையாளர் அன்பில்லாதவர் அல்லர், அலட்சியக்காரரும் அல்லர். படித்து, நாலு பேரிடம் விசாரித்து, கேட்டபடியே செய்தவர். அப்படிச் செய்ததால்தான் அது நோயில் விழுந்தது. அவருடைய அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

விலங்கும் பின்னணியும்

ஏறத்தாழ 14 வயதுப் பெட்டைக் கழுதை. உயரம் 106 சென்டிமீட்டர், நெஞ்சுச் சுற்றளவு 128 சென்டிமீட்டர். எடைமேடை இல்லாத இடத்தில் இந்த இரண்டு அளவுகளை வைத்து எடையைக் கணக்கிடுவதற்குக் கழுதைக்கென்றே ஒரு சூத்திரம் உண்டு. குதிரைக்கான அளவு நாடாவைக் கழுதைக்குப் போட்டால் கணக்கு பிசகும். அந்தச் சூத்திரத்தின்படி எடை 190 கிலோ. இந்த உயரத்துக்கு இது அதிகம். பிடரியில் கொழுப்பு திரண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது; விலாவின் மேல் கொழுப்புக் கட்டிகள், வால் அடியில் மெத்தை. 1 முதல் 5 வரையுள்ள உடற்கட்டு மதிப்பெண்ணில் 4.5 கொடுத்தேன். விரும்பத்தக்கது 3.

இந்த உடல்வாகு அதன் பழைய வாழ்க்கையின் பதிவு. இன்னொரு பெட்டைக் கழுதையோடு சேர்ந்து பல ஆண்டுகள் ஒரு பண்ணையில் இருந்தது. அங்கே இரண்டுக்கும் வேலை எதுவும் இல்லை. நல்ல புல்வெளி, வருகிறவர்கள் நீட்டும் தீனி, குழந்தைகளின் கொஞ்சல். பார்க்க அழகாக இருந்ததால் வைத்திருந்தார்கள். இப்படி வைத்திருப்பதை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. வேலைக்கு வைத்திருக்கும் பல கழுதைகளைவிட இவை நன்றாகவே வாழ்கின்றன. ஆனால் புல்வெளி, கழுதையின் உடலுக்கு விருந்து. தினமும் விருந்து சாப்பிட அது படைக்கப்படவில்லை.

அக்கம்பக்கத்தில் ஆடு வளர்ப்பவர் ஒருவருக்குத் தெருநாய்களால் சில குட்டிகள் போயின. காவலுக்குக் கழுதை வைக்கலாம் என்று கேள்விப்பட்டு, இந்த இரண்டில் ஒன்றை வாங்கினார். ஏன் ஒன்று மட்டும்? இரண்டு கழுதைகளை ஒன்றாக விட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆடுகளைத் திரும்பியும் பார்க்காது. ஒற்றைக் கழுதைதான் மந்தையைத் தன் கூட்டமாக ஏற்கும். இதுதான் அவருக்குக் கிடைத்த ஆலோசனை. காவல் கழுதை பற்றி எங்கே கேட்டாலும் இதே பதில்தான் வரும். அந்தப் பதில் பொய்யும் அல்ல.

வந்த புகார்

வாங்கிய ஒன்பதாம் நாள் என்னை அழைத்தார். "சாப்பாடு குறைந்துவிட்டது டாக்டர். மற்றபடி ஒன்றுமில்லை. முடிந்தபோது ஒரு தரம் வந்து பாருங்கள்" என்றார். குரலில் அவசரம் இல்லை.

நடந்ததைக் கேட்டு வாங்கியபோது வரிசை இப்படி வந்தது. முதல் மூன்று நாட்கள் கழுதை வேலியோரமாக மேலும் கீழும் நடந்தது, இரவிலும் கத்தியது. நாலாம் நாளிலிருந்து கத்துவது நின்றது. ஒரே மூலையில் நின்றது. ஆடுகள் பக்கத்தில் வந்தால் விரட்டவில்லை. "பழகிவிட்டது என்று நினைத்தேன். அமைதியாகிவிட்டதே" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் நோயின் தொடக்கம் இருந்தது. கத்தும் கழுதை நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் தேடிக் கத்திக்கொண்டிருந்த கழுதை திடீரென்று ஓய்ந்தால் அது சமாதானம் அல்ல. கழுதை தன் நோவைக் குதிரையைப் போல வெளிக்காட்டாது. வயிற்றுவலி கண்ட குதிரை புரளும், தரையைக் காலால் பறிக்கும், வியர்க்கும். அதே வலி கண்ட கழுதை தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு சும்மா நிற்கும். கழுதை மருத்துவத்தில் ‘சோர்ந்து நிற்கிறது’ என்ற ஒற்றைப் புகாரையே அவசர நிலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான். அன்றே போனேன்.

தீவனம் பற்றி இரண்டு செய்திகள் கிடைத்தன. கழுதை மிகவும் கொழுத்திருப்பதைக் கண்டு, நல்லெண்ணத்தோடு அதன் உலர்புல்லைப் பாதியாகக் குறைத்திருந்தார். கூடவே, ஆடுகளுக்கு வைக்கும் அடர்தீவனத் தொட்டியிலேயே இதுவும் வாய் வைக்கட்டும் என்று விட்டிருந்தார்.

இரண்டாவது செய்தி என்னை உலுக்கியது. தீவன மூட்டையின் உறையைக் கொண்டுவரச் சொன்னேன். பயந்தபடியே அதில் மோனென்சின் சேர்க்கப்பட்டிருந்தது. ரத்தக்கழிச்சல் நோயைத் தடுப்பதற்காக ஆட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் சேர்க்கும் மருந்து அது. ஆட்டுக்குப் பிரச்சினை இல்லாத அளவே குதிரையினத்தின் இதயத் தசையை அழித்துவிடும். குதிரைகளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 முதல் 3 மில்லிகிராம் உள்ளே போனால் பாதி விலங்குகள் இறந்துவிடும். மந்தையோடு கழுதையை விடும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டியது தீவன மூட்டையின் உறையைத்தான். இந்தக் கழுதை தொட்டியை முகர்ந்துவிட்டு விலகிப் போனதைப் பண்ணையில் வேலை செய்பவர் பார்த்திருக்கிறார். பசி செத்துப்போனது அந்த ஒரு விதத்தில் அதைக் காப்பாற்றியது.

பரிசோதனை

வெப்பநிலை 37.4 டிகிரி செல்சியஸ். கழுதைக்கு இது இயல்பு. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60. வளர்ந்த கழுதைக்கு 36 முதல் 52 வரை இருக்கலாம். மூச்சு 24. இதயத் தாளம் ஒழுங்காக இருந்தது. ஈறுகள் சற்றே சிவந்து கன்றியிருந்தன. குடல் ஓசை இரு பக்கமும் மந்தம். விட்டை சிறிதாக, காய்ந்து, மேலே சளி பூசினாற்போல் இருந்தது. வாயில் ஒரு கெட்ட நாற்றம்.

உலர்புல்லை நீட்டியபோது வாயில் வாங்கி மென்றது. உரிமையாளர் முகம் மலர்ந்தது. கீழே குனிந்து பார்த்தால் மென்ற புல் அப்படியே தரையில் கிடந்தது. கழுதைகள் சாப்பிடுவதுபோல் பாவனை செய்யும். தொட்டியில் வாயை வைத்துக்கொண்டு தாடையை அசைக்கும், விழுங்காது. தூரத்திலிருந்து பார்ப்பவர் தின்கிறது என்றே நினைப்பார். வைத்த தீவனத்தை நிறுத்துப் பார்த்து, மிச்சத்தையும் நிறுத்துப் பார்த்தால் மட்டுமே உண்மை தெரியும்.

மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கூராக இருந்தது. கன்னத்தில் புண் இல்லை. பசியின்மை முழுவதையும் பற்களின் மேல் போட முடியவில்லை. முன்னங்கால் இரண்டிலும் குளம்புக்கு மேலே நாடி சற்றுப் பலமாகத் துடித்தது. குளம்பு லேசாகச் சூடு. நடக்கச் சொன்னால் தயங்கியது, நொண்டவில்லை. குளம்புத் தகட்டழற்சி, அதாவது குளம்புக்குள் எலும்பைப் பிடித்து நிற்கும் திசுவின் அழற்சி, எட்டிப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

ரத்தம் எடுத்தேன். குழாயைச் சற்று நேரம் நிறுத்தி வைத்ததும் ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்பே நோய் தெரிந்துவிட்டது. மேலே தெளிந்து நிற்க வேண்டிய ரத்த நீர்மம் (பிளாஸ்மா) கலங்கி, பால் போல வெளுத்திருந்தது.

ஆய்வக முடிவுகள்

ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு, டெசிலிட்டருக்கு 1,045 மில்லிகிராம். நலமான கழுதையில் இது சுமார் 50 முதல் 250 வரை இருக்கும். 500-ஐத் தாண்டினால் ரத்தக் கொழுப்பு மிகை நோய் என்று வகைப்படுத்துகிறோம். கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தன. காமா ஜிடி என்ற நொதி இயல்பிலேயே கழுதையில் குதிரையைவிட அதிகம். குதிரைக்கான அட்டவணையை வைத்துக்கொண்டு பதறவும் கூடாது, கழுதைக்கான அட்டவணை இல்லாமல் ஆறுதல் அடையவும் கூடாது. இங்கே கழுதையின் அளவுகோலிலும் அது மிகுந்தே இருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் சற்று ஏறியிருந்தது; நீர்வற்றல் காரணமாக இருக்கலாம், சிறுநீரகத்திலும் கொழுப்பு படியத் தொடங்கியிருக்கலாம். தசை நொதிகள் இயல்பு. மோனென்சின் பற்றிய அச்சம் அதோடு விலகியது. இன்சுலின் மிகுந்திருந்தது.

உடலுக்குள் நடந்தது

கழுதையின் மூதாதை வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துக் காட்டுக் கழுதை. சுள்ளியையும் காய்ந்த புல்லையும் தின்று நாளை ஓட்டும் உடல் அது. இதே அளவுள்ள மட்டக் குதிரைக்குத் தேவைப்படும் ஆற்றலில் பாதி முதல் முக்கால் பங்கு கழுதைக்குப் போதும். மிச்சமானதைக் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். தீவனம் குறைந்தால் அந்தக் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும். பாலைவனத்தில் இது உயிர் காக்கும் ஏற்பாடு.

கொழுத்த கழுதையில் இந்த ஏற்பாடு தடம் புரள்கிறது. பட்டினி, வலி, பயணம், துணை இழப்பு, சினை, பாலூட்டல் என்று எந்த நெருக்கடி வந்தாலும் கொழுப்புச் செல்கள் திறந்துகொள்கின்றன. கரைந்த கொழுப்பமிலங்கள் கல்லீரலை நோக்கி ஓடுகின்றன. மாட்டில் இவற்றில் பெரும் பங்கு கீட்டோன்களாக, அதாவது உடல் எரிபொருளாகப் பயன்படுத்தக்கூடிய பொருள்களாக, மாறிவிடும். குதிரையினத்துக்கு அந்த வழி குறுகலானது. ஆகவே கல்லீரல் அவற்றை மறுபடியும் ட்ரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. திருப்பி அனுப்ப முடியாத மிச்சம் கல்லீரலிலேயே படிகிறது. இயல்பில் இன்சுலின் இந்தக் கொழுப்புக் கரைசலுக்குத் தடை போட வேண்டும். பருத்த கழுதையில் செல்கள் இன்சுலினுக்குச் செவி சாய்ப்பதில்லை. கல்லீரல் கெடக் கெடப் பசி மேலும் சாகும். பசி சாகச் சாகக் கொழுப்பு மேலும் கரையும்.

நம் பழமொழியில் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும். உண்மையான கழுதை அப்படி வேகமாகத் தேய்ந்தால், கட்டெறும்பாகும் முன்பே கல்லீரல் கொழுத்துச் செத்துப்போகும். பருத்த கழுதையின் தீவனத்தைத் திடீரென்று பாதியாக்குவது அதனால்தான் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இங்கிலாந்தில் 1969-இல் எலிசபெத் ஸ்வெண்ட்சன் தொடங்கிய ‘டாங்கி சாங்க்சுவரி’ என்ற கழுதைக் காப்பக அமைப்பின் மருத்துவர்கள், தங்கள் பராமரிப்பிலிருந்த முதிய கழுதைகளில் இந்த நோய் கண்ட 449 விலங்குகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதி இறந்துபோயின. நோய் கண்டவற்றில் பத்தில் ஏழுக்கு வேறொரு நோயும் சேர்ந்திருந்தது. அனுபவமுள்ள கைகளில், கழுதைக்கென்றே நடத்தப்படும் இடத்தில் கிடைத்த எண்ணிக்கை இது.

சிகிச்சை

முதலில் எழுந்த கேள்வி, மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதா வேண்டாமா என்பது. பயணமே இந்த நோயைத் தூண்டும். கழுதை சொந்த இடத்தில் இல்லை என்பது ஏற்கெனவே ஒரு சுமை. மூன்றாவதாக ஓர் இடத்துக்குக் கொண்டுபோவதில் எனக்கு விருப்பமில்லை. கொட்டிலிலேயே சிகிச்சை தொடங்கினேன்.

கழுத்துச் சிரையில் குழல் வைத்து குளுக்கோசும் உப்புநீரும் கொடுத்தோம். கழுதையின் கழுத்தில் தோல் தடிப்பு. நடுப் பகுதியில் தோலடித் தசை சிரையை மூடிக்கொண்டிருக்கும். மேல் மூன்றில் ஒரு பங்கில், குதிரைக்கு வைப்பதைவிடச் செங்குத்தாக ஊசியைச் செலுத்த வேண்டும். குளுக்கோஸ் போகும்போது ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதை அடிக்கடி பார்த்து, சிறு அளவில் இன்சுலினும் சேர்த்தேன். இன்சுலின் சர்க்கரையை இறக்குவதற்கு மட்டுமல்ல, கொழுப்புக் கரைவதற்குத் தடை போடவும்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தைக் கொடுக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. ரத்தத்திலுள்ள கொழுப்பை அகற்றும் நொதியைத் தூண்டுவதே அதன் நோக்கம். ஆனால் இந்நோய் கண்ட மட்டக் குதிரைகளில் அந்த நொதி ஏற்கெனவே முடுக்கத்தில்தான் இருந்தது என்று பின்னர் தெரிந்தது. ரத்தப்போக்கு அபாயத்தை வீணாக ஏன் ஏற்க வேண்டும்? நான் பயன்படுத்தவில்லை.

மூக்குவழிக் குழாய் மூலம் நார் மிகுந்த கூழை, சிறிது சிறிதாகப் பலமுறை செலுத்தினோம். கழுதையின் மூக்குத் துவாரத்தின் அடிப்பாதை குறுகலானது. அதே அளவு குதிரைக்குப் போகும் குழாய் இதற்குப் போகாது, மூக்கிலிருந்து ரத்தம்தான் வரும். குளம்பு வலிக்கு ஃப்ளூனிக்ஸின் கொடுத்தேன். கழுதையின் உடல் இந்த மருந்தைக் குதிரையைவிட வேகமாக வெளியேற்றிவிடுகிறது. ஒருநாளுக்கு ஒருவேளை என்ற குதிரைக் கணக்கு பாதி நாளை வலியோடு விட்டுவிடும். மெலாக்சிகாம் என்ற மற்றொரு வலி மருந்து இன்னும் மோசம், ஓரிரு மணி நேரத்தில் கரைந்து போகும். கழுதையைச் சிறிய குதிரையாக நினைப்பவர்கள் சிகிச்சையில் சறுக்கும் இடங்கள் இவை.

இவ்வளவும் செய்தது நேரத்தை வாங்குவதற்கு. மூல காரணம் வேலிக்கு அப்பால் இருந்தது. அதை உரிமையாளரிடம் சொன்னேன்.

"அந்த இன்னொரு கழுதையைக் கொண்டுவர வேண்டும் ஐயா. இன்றைக்கே."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இரண்டையும் வைத்துக்கொண்டால் ஆடுகளை யார் பார்ப்பது டாக்டர்? காவலுக்குத்தானே வாங்கினேன்" என்றார். நியாயமான கேள்வி. "இப்போது இது காவலும் நிற்காது, நிற்கவும் முடியாது" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. பழைய உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசினோம். அவர் தயங்கவில்லை. தன்னிடம் இருப்பதும் சில நாட்களாகச் சரியாக இல்லை என்றார்.

மாலையில் வண்டி வந்தது. இரண்டும் ஒன்றையொன்று முகர்ந்ததைப் பற்றிக் கண்ணீர் மல்க எழுதலாம். நான் குறித்துக்கொண்டது வேறு. வந்த கழுதை தன் முன் வைத்த வைக்கோலைத் தின்னத் தொடங்கியது. நோயாளி அதைப் பார்த்தபடி நின்று, கொஞ்ச நேரத்தில் அதே குவியலில் வாய் வைத்து நான்கைந்து வாய் விழுங்கியது. தரையில் துப்பிய புல் இல்லை.

வந்த கழுதைக்கும் ரத்தம் எடுத்தேன். வெளியே பார்த்தால் நோயின் சுவடே இல்லை, தீவனம் எடுத்துக்கொண்டிருந்தது. ட்ரைகிளிசரைடு 320. நோய் என்று சொல்லும் எல்லைக்குக் கீழே, இயல்புக்கு மேலே. பிரிவு இரண்டு பக்கமும் வேலை செய்திருக்கிறது. வாங்கியவர் மட்டுமே கவலைப்பட வேண்டும் என்று நினைக்கிறோம். விற்றவர் வீட்டில் மிஞ்சிய கழுதையை யாரும் பரிசோதிப்பதில்லை.

முன்னேற்றம்

சிகிச்சையின் மூன்றாம் நாள் ட்ரைகிளிசரைடு 760. ஆறாம் நாள் 310, குழாயை எடுத்துவிட்டோம். பத்தாம் நாள் 190. கல்லீரல் நொதிகள் இறங்க அதிக காலம் பிடித்தது. குளம்பில் எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு சுழலவில்லை. மெத்தென்ற படுக்கையும் குளம்பின் அடிக்குத் தாங்கலும் போதுமானதாக இருந்தன.

நோக்கம் பற்றிய சில குறிப்புகள்

எகிப்தின் அபிடோசில், ஒரு தொல்பழங்கால மன்னரின் ஈமவளாகத்தில் செங்கல் அறைகளுக்குள் பத்துக் கழுதைகள் புதைக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றின் எலும்புகள் வடிவத்தில் இன்னும் காட்டுக் கழுதையை ஒத்திருந்தன. ஆனால் முதுகெலும்பில் பாரம் சுமந்த தேய்மானம் தெளிவாக இருந்தது. எதற்காக வளர்த்தார்கள் என்று கல்வெட்டு தேட வேண்டியதில்லை, எலும்பே சொல்லிவிட்டது. கழுதை கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் மனிதனோடு சேர்ந்தது என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. அன்றிலிருந்து நோக்கம் மாறும்போதெல்லாம் அதன் நோய்க்குறிப்பும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

சுமைக் கழுதைக்குச் சேணப் புண்ணும் மெலிவும். பால் கழுதையிடம் முதலில் கேட்க வேண்டியது குட்டியின் நிலை. குட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் பால் இறங்குவது கடினம், இறங்குவதும் சொற்பம். குதிரைக்குத் துணையாக வைத்த கழுதை, அந்தக் குதிரை விற்கப்படும் நாளில் இதே நோய்க்கு ஆளாகலாம். குதிரையோடு மேயும் கழுதையின் நுரையீரலில் ஒரு வகைப் புழு எந்த அறிகுறியும் காட்டாமல் குடியிருந்து, பக்கத்துக் குதிரைக்கு இருமலைக் கொடுக்கும். பிரியத்துக்கு வைத்த கழுதைக்குப் பருமன். தோலுக்காக என்றால் நோய்க்குறிப்பே தேவையில்லை. தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினுக்காக நடக்கும் அந்த வணிகம் ஊர் ஊராகக் கழுதையைத் துடைத்தெடுத்ததால் 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் 15 ஆண்டுத் தடை விதித்தது.

காவல் கழுதையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கழுதை காவல் நிற்பது கட்டுக்கதை அல்ல. குதிரை ஆபத்தைக் கண்டால் ஓடும். கழுதை நின்று முறைக்கும், கணக்குப் போடும், தேவையானால் எதிர்த்துப் போகும். நாய் இனத்தின் மேல் அதற்கு இயல்பான பகை. கத்தும், துரத்தும், கடிக்கும், முன்னங்காலால் மிதிக்கும். தனியாக வரும் நாயையோ நரியையோ விரட்ட இது போதும். கூட்டமாக வரும் நாய்களிடமும் ஓநாயிடமும் கழுதையே இரையாகிவிடும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1980-களின் இறுதியில் காவல் கழுதை வைத்திருந்த ஆட்டுப் பண்ணையாளர்களிடம் விசாரித்தபோதே கருத்துகள் கலவையாக இருந்தன. சிலருக்கு அது பொன். சிலருக்குத் தீவனச் செலவு.

இதிலுள்ள சிக்கல், அதன் வேலைத்திறனும் அதன் துன்பமும் ஒரே இடத்திலிருந்து வருவதுதான். தன் இனத்துத் துணை இல்லாத கழுதைதான் ஆட்டை ஒட்டிக்கொள்ளும். தனிமையை நீக்கினால் காவல் தளரும்; காவல் வேண்டுமென்றால் தனிமை வேண்டும். கழுதை நல அமைப்புகள் ஒற்றைக் கழுதை வேண்டாம் என்கின்றன, ஆடு வளர்ப்பு ஆலோசகர்கள் ஒற்றைதான் வேண்டும் என்கிறார்கள். இருவரும் தம் தம் அளவில் சரியாகவே பேசுகிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதில்லை, நடுவில் உரிமையாளர் மாட்டிக்கொள்கிறார்.

என் கருத்தைக் கேட்டால், பால் மறந்த பருவத்திலிருந்தே ஆடுகளோடு வளர்ந்த கழுதைக்கும் இணையிலிருந்து பிய்த்தெடுத்த கழுதைக்கும் மலையளவு வித்தியாசம் உண்டு. முன்னதை ஒற்றையாக வைப்பதைச் சகித்துக்கொள்ளலாம். அதன் கூட்டமே ஆடுகள்தான். பின்னதைக் காவலுக்கு வாங்கவே கூடாது. காவலுக்குப் பெட்டையோ விதையடித்த ஆணோதான் பொருந்தும். விதையடிக்காத ஆண் ஆடுகளைக் காயப்படுத்தும். ஆடுகள் ஈனும் சமயத்தில் எந்தக் கழுதையானாலும் தனியே கட்ட வேண்டும். புதிதாய்ப் பிறந்த குட்டியை அந்நியமாக நினைத்து மிதித்துவிடக்கூடும். மழைக்கு ஒதுங்க இடம் கட்டாயம் வேண்டும். கழுதையின் ரோமம் நீரைத் தடுக்காது. ஈரத்தில் நிற்கும் குளம்பு ஊறி அழுகும். இணையில் ஒன்று இறந்துவிட்டால், மிஞ்சியது முகர்ந்து பார்த்துத் தானாக விலகும்வரை உடலை அகற்றாமல் இருப்பது நல்லது. பிறகு சில வாரங்கள் அதன் தீவனத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இப்போதைய நிலை

இரண்டு கழுதைகளும் ஆட்டுக்காரரிடமே இருக்கின்றன. ஆடுகளை இரவில் மின்வேலிக்குள் அடைக்கிறார். அதன் பிறகு குட்டி எதுவும் போகவில்லை. அதற்குக் காரணம் வேலி என்றே நினைக்கிறேன். கழுதைகள் பெரும்பாலும் ஆடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தின் அடுத்த மூலையில் மேய்கின்றன, ஆலோசகர்கள் எச்சரித்ததைப் போலவே. நாய் தென்பட்டால் கத்துகின்றன. அது ஆளை எழுப்பப் பயன்படுகிறது என்று அவர் சொல்கிறார்.

புல்வெளியில் ஒரு பட்டையை மட்டும் தடுத்து விட்டு, மீதிப் பசிக்கு வைக்கோல் கொடுக்கிறோம். பத்து மாதத்தில் எடை 190-லிருந்து 171 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது. மாதம் இரண்டு கிலோ வீதம், அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிடரி இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. ஒருமுறை அங்கே படிந்த கொழுப்பு எளிதில் போகாது. பற்களின் கூர் விளிம்பை மயக்க ஊசி போட்டு ராவியாயிற்று. அப்போது மற்றதையும் கண்ணில் படும் தூரத்திலேயே நிறுத்தி வைத்தோம்.

பால் மறந்த குட்டி ஒன்றை வாங்கி ஆடுகளோடு வளர்க்கலாமா என்று அண்மையில் கேட்டார். ஆட்டுத் தீவனத்தை மோனென்சின் இல்லாததாக மாற்றிய பிறகு பேசலாம் என்றேன். மாற்றுத் தீவனத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார். பழைய மூட்டைகளில் இரண்டு இன்னும் கொட்டிலில் இருக்கின்றன.